மோஷ் பிடிக்காத எலி

பூனையைத்தான் கேட்க வந்திருக்கிறாள். கேட்கட்டும். நீ முகத்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள், நசீபா.

பக்கத்து வீட்டு ஷோய்ரா வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, எலி பிடிக்க ஒரு வாரம்னு சொல்லி வாங்கிட்டுப் போனே. திராட்சைக் கொடி இலையெல்லாம் கொட்டி, சமர்கந்துக்கே பனி வந்தாச்சு. எங்கே என் மோஷ்?"

போன வருடம் கல்யாணமாகிப் போன மகளின் தலையணையில் மோஷ் மல்லாந்து கிடந்தது. அந்த வீட்டில் நசீபாவின் குரலுக்குக் காதை அசைக்க இப்போது அது ஒன்றுதான்.

"அடப்பாவி! இது பூனையா, செம்மறிக் கடாவா? என்னடி போடறே?"

"கொஞ்சம் பாலாடை. தெம்பிருந்தாத்தானே அக்கா துரத்தும்?"

"எத்தனை பிடிச்சுது?"

"ஒண்ணுகூட இல்லை. சரியான தந்திரக்கார எலி."

நசீபா பள்ளியில் உயிரியல் ஆசிரியை. எலியின் பல்வரிசையைக் கரும்பலகையில் அச்சுப்போல வரைவாள். அப்படிப்பட்டவள்தான் பூனையை வாங்கிவந்த அன்றைக்கு மேஜை விரிப்பில் கறுப்பாக நாலைந்து மணிகளைப் பார்த்துவிட்டு, நாற்காலி மேல் ஏறி அலறித் தெருவையே கூட்டினாள். நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என் உலர்திராட்சை மூட்டையை எலி ஓட்டை போட்டுடுச்சுடி. குடு, தூக்கிட்டுப் போறேன்."

"என் பொறியை எடுத்துக்குங்க அக்கா. புதுசு."

"நல்ல கதை! எலி உன் வீட்ல, பொறி என் வீட்லயா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட நசீபா, அவசரமாக மேஜையைக் காட்டினாள். ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் கறுப்புக் கறுப்பாகச் சிதறிக் கிடந்தது.

"பாருங்க, இன்னிக்குக் காலைல விழுந்தது."

ஷோய்ரா வாசலிலிருந்தே கண்ணைச் சுருக்கினாள். "சீ! சாப்பிடற இடத்துலயா? இரு, கண்ணாடி எடுத்துட்டு வந்து எலியா, பெருச்சாளியான்னு பாத்துட்டு, பூனையையும் கையோட தூக்கிட்டுப் போறேன்."

"வேண்டாம் அக்கா," என்றாள் நசீபா மெதுவாக. "மோஷை இப்போ தர முடியாது."

ஷோய்ரா மகளின் தலையணையையும் அதன் மேல் கிடந்த பூனையையும் ஒருமுறை பார்த்தாள். பொறியை வாங்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி படியிறங்கினாள்.

நசீபா கதவைச் சாத்திவிட்டு வந்து, விரிப்பில் கிடந்ததை விரல்நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ரொட்டியின் மேல் தூவிய கருஞ்சீரகம். உதிர்ந்தது என்பதற்காக வீணாக்கலாமா?