சோதனை ஓட்டம்

அரசு நிதிக்குழுத் தலைவர் பின்னிருக்கையில் சாய்ந்திருந்தார். கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரே வண்டியை ஓட்டினாள். மலையுச்சிச் சோதனைத் திடலில் இன்று தலைவர் இசைந்தால்தான் மின்கார் திட்டத்துக்கு அரசு பாதிச் செலவைத் தரும். அரசு தந்தால்தான் நிறுவனம் மீதியைப் போடும். இல்லையேல் அவளுடைய மூன்றாண்டு உழைப்பு விழலுக்கு இறைத்த நீர்.

“பேட்டரியை நம்பி மலையேற முடியாதும்மா. உங்க வரைபடமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது.”

“ஏறிக் காட்டினா, ஐயா?”

“பாதி வழியில நின்னா யாரு தள்ளுறது, நானா?” அவர் சிரித்தார். கொண்டையூசி வளைவில் கார் கனத்த உறுமலோடு திரும்பியது. “இதக் கேளு. இதுதாம்மா என்ஜின். மூச்சு வாங்காம எப்படி ஏறுது பாரு.”

அவள் அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

உச்சியில் இறங்கியவர் வெறுந்திடலைச் சுற்றிப் பார்த்தார். “எங்கம்மா உங்க மின்கார்? வர்ற வழியிலேயே படுத்துடுச்சா?”

அவள் தான் ஓட்டிவந்த காரின் முன்மூடியைத் தூக்கினாள். என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்மோட்டாரும் சிறிய ஒலிபெருக்கியும் இருந்தன.

“உறுமல் வெறும் பதிவு, ஐயா. ஏறினது பேட்டரி. முன்னாடியே சொல்லியிருந்தா அடிவாரத்துலயே இறங்கியிருப்பீங்க.”

தலைவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கை சட்டைப்பையிலிருந்த பேனாவை நாடவில்லை. அவளை நோக்கி நீண்டது.

“கையெழுத்தைக் கீழே போய்ப் போடுறேன். முதல்ல சாவியைக் குடும்மா, நான் ஓட்டணும்.”