பெயிண்ட் போன இடம்

"புது வண்டியை யாராவது இப்படிச் சுரண்டுவாங்களா?"

அந்தப் பெண் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

நாளைக்கு அவளுடைய ஜூஸ் வேன் திறப்பு. உள்ளே மிக்சி, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து, வெளிக் கரண்ட்டில் ஓடும்படி ஒயரிங் செய்து கொடுத்தவர் இந்த எலக்ட்ரீஷியன். கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். வந்து பார்த்தால், பின்கதவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட்டைக் காணோம். வெறும் தகரம் பல்லை இளித்தது.

"எங்கப்பா தன் கையால அடிச்ச பெயிண்ட் இது. கடையே வேண்டாம்னு வருஷக்கணக்கா என்கூடப் பேசாம இருந்தவர், இப்பத்தான் மனசு மாறி, இடுப்பு ஒடிய அடிச்சுக் குடுத்தார். அதோட அருமை உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

பக்கத்தில் அப்பா நெளிந்துகொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

எலக்ட்ரீஷியனுக்குத் தெருவில் 'பட்டாசு' என்று பெயர். ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிற ஆள். இன்று என்னவோ, "கை தவறிடுச்சும்மா, மன்னிச்சுக்கோ" என்றார். வேடிக்கை பார்க்க வந்த டயர் கடைக்காரருக்கே ஏமாற்றமாகிவிட்டது.

"விடும்மா," என்றார் அப்பா. "மிச்சப் பெயிண்ட் இருக்கு. நானே லேசா ஒரு கோட் அடிச்சு விட்டுடறேன்."

"அந்த இடத்துல மட்டும் இனி பெயிண்ட் படவே கூடாது பெரியவரே. என் ஒயர் மாட்டியிருக்கு. மேல ஒரு மூடி போட்டுத் தர்றேன், வெளியே தெரியாது."

"சுரண்டறதும் நீங்க, சட்டம் போடறதும் நீங்களா? இனிமே இந்தக் கடைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

மூடி போட்டதும் வண்டி கிளம்பிப் போனது. கடைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனின் மனைவி வெளியே வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாக்கு மேல பல்லைப் போட்டு அந்தப் பொண்ணு அவ்வளவு பேசுது, மரம் மாதிரி நிக்கறீங்க. வீட்டுல மட்டும்தான் வெடிப்பீங்களா?"

"கையெல்லாம் தவறல. வேணும்னுதான் சுரண்டினேன். நான் போட்ட எர்த் போல்ட்டைக் கழட்டி, அடியில பெயிண்ட் அடிச்சு, மறுபடி முடுக்கி வச்சிருக்கு. நடுவுல பெயிண்ட் இருந்தா எர்த் ஒயருக்கும் வண்டிக்கும் ஒட்டே கிடையாது. மிக்சியில கரண்ட் கசிஞ்சா வண்டி பூரா ஏறி நிக்கும். நாளெல்லாம் ஈரக் கையோட நிக்கப்போற பொண்ணு அது."

"அதை அவ மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு என்ன?"

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பக்கத்துல அப்பா நின்னாரே. நீ ஆசை ஆசையா அடிச்ச பெயிண்ட்தான் உன் மக உயிரை எடுக்க இருந்துச்சுன்னு, அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?"