வெள்ளித் தண்ணீர்

சுமைக்கூலிக்காரர், வீட்டில் வெள்ளிக் கம்பிகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சித் தயாரித்த வெள்ளித் தண்ணீரை ஆய்வகப் பெண்ணிடம் நீட்டினார். அவள் அதை ஒளி பாய்ச்சும் கருவிக்குள் வைத்துத் திரையைப் பார்த்தாள்.

“இந்த வாரமாவது தண்ணியில வெள்ளித் துகள் பொடிசா வந்திருக்கா தங்கச்சி?”

“பொடிசுன்னா ஊதா ஒளியை விழுங்கணும்ணே. இது இன்னும் பச்சைகிட்டதான் நிக்குது.”

“ஏழு வாரமா இதே பாட்டு. என் கை மூட்டைக்குத்தான் லாயக்கு போல. சரியா வந்துட்டா உனக்கும் என் தொல்லை விட்டுரும்.”

“கரண்ட்டைக் குறைச்சுப் பாருங்க. அடுத்த திங்கள் கொண்டாங்க.”

அவர் படியிறங்கும் ஓசை தேயும்வரை கேட்டிருந்தாள். இனி அடுத்த திங்கள்வரை அந்த அறையில் அவளோடு பேச ஆளில்லை.

பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதினாள்: ‘ஊதாவைத்தான் விழுங்குகிறது. துகள் மிகப் பொடி. ஐந்தாவது வாரமாகச் சரி.’