ஒன்பது படமும் தப்பு

"போன் எங்க கெடக்கு?"

அடுப்பு மேடை, அரிசிச் சாக்கு, தலையணைக்கு அடி என்று சண்முகசுந்தரி தேடாத இடமில்லை. மணி ஐந்து. போனையும் காணோம், எட்டாவது படிக்கிற மகள் தமிழ்மதியையும் காணோம். ஒரு வாரத்துக்கு மேலாக இதே கதை.

வேலிக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த தமயந்தி தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ஒம் மக மேட்டுப் பக்கம் போறாக்கா. போனும் கையுமா. வளர்ற புள்ள... நான் ஒண்ணும் சொல்லல."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு 'ஒண்ணும் சொல்லல' என்பதில் தமயந்தியை அடிக்க வில்பட்டியில் ஆள் கிடையாது.

இருட்டுவதற்குள் தமிழ்மதி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"எங்கிட்டுடி போன?"

"இங்கிலீஷ் மிஸ் குடுத்த சோலிம்மா. படம் எடுத்து, வெட்டி, போன்லயே ஒட்டணும்."

"யாரைப் படம் எடுத்த?"

சுந்தரி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒரு படம்கூட இல்லை.

"மிஸ்ஸுக்கு அனுப்பிட்டு அழிச்சிட்டேன்."

அழிக்கிற அளவுக்கு அப்படி யார் படம் என்று சுந்தரி ராத்திரியெல்லாம் குடைந்தாள். அது போதாதென்று மறுநாள் காலையில் மிஸ்ஸே கூப்பிட்டார்.

"தமிழ்மதி அம்மாங்களா? அவ அனுப்பின படத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும். நேர்ல வர முடியுமா?"

"கேரட்டை நீங்களே மூட்டை கட்டுங்க" என்று வேலையைப் புருசன் வேல்ராஜ் தலையில் கட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். கொடைக்கானல் வந்து சேர்வதற்குள், எந்தப் பையனாக இருக்கும் என்று ஊரில் உள்ள அத்தனை பேரையும் எண்ணி முடித்துவிட்டாள்.

சுபஸ்ரீ மிஸ் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"பாடத்துல ஒரு கதைங்க. கலங்கரை விளக்கத்துல ஒத்தையா இருக்கிற காவல்காரர். கதையோட உள்கருத்து தனிமை. அதைப் புரிஞ்சுக்கிட்டு, நாலஞ்சு படத்தைச் சேர்த்து ஒட்டி ஒரே படமாக் குடுங்கன்னு சொன்னேன். மத்த பிள்ளைங்க எப்படிப் பண்ணியிருக்காங்க பாருங்க."

பனிக்குள் ஒற்றை மரம். ஏரிக்கரையில் காலிப் பெஞ்சு. ஆளில்லாத படகு.

"இது உங்க பொண்ணுது."

ஒன்பது படங்கள். பையன் எவனும் இல்லை. சுந்தரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கொதிக்கவும் ஆரம்பித்தது. ஒன்பதிலும் மேட்டு வீட்டுப் பிச்சையம்மாள்!

"யாருங்க இவங்க? சொந்தமா?"

"எங்க ஊருதாங்க மிஸ்" என்று முடித்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஊற்றிலிருந்து தோட்டத்துக்கு இழுத்த தண்ணீர்க் குழாய் கிழிந்து கிடந்தது. ஒண்டிக்கட்டையான பிச்சையம்மாள்தான் கிழித்தாள் என்று சுந்தரி ஊரைக் கூட்டினாள். அன்றோடு தெருவே பிச்சையம்மாளிடம் பேச்சை நிறுத்தியது. குழாயை மிதித்தது காட்டுமாடு என்று பத்தே நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு பேசிவிட்டு, 'தப்பு எம்மேலதான்' என்று போய் நிற்க யாருக்குக் கால் வரும்?

"தலைப்பு தனிமை. இவங்க என்னடான்னா ஒன்பதுலயும் வாய் கொள்ளாம சிரிச்சுக்கிட்டிருக்காங்க. அப்ப பாடமே புரியலன்னுதானே அர்த்தம்? திண்டுக்கல் கண்காட்சிக்கு இவளோடதைத்தான் அனுப்பணும்னு நெனச்சிருந்தேன்."

சுந்தரி பதறினாள். "வேற செஞ்சு தரச் சொல்றேன் மிஸ். மரம், பெஞ்சு எல்லாம் போட்டு வெரசாக் குடுத்துடுவா. பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

தமிழ்மதியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மாவைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, படம் எடுக்க ஒனக்கு வேற மூஞ்சியே கெடைக்கலையா?" சுந்தரி பல்லைக் கடித்தாள்.

மிஸ் கையமர்த்தினார். "நீ சொல்லும்மா. சோகமா ஒரு படமாவது எடுத்திருக்கலாம்ல?"

"தனியா உக்காந்திருக்கிறதை எடுக்கத்தான் மிஸ் தெனமும் போனேன்."

"அப்புறம்?"

அம்மா பக்கம் தமிழ்மதி திரும்பவே இல்லை.

"சுவத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுகூட நின்னு பாத்தேன். அவங்க வீட்டுப் பக்கம் வேற யாரும் வர்றதில்லையா... காலடிச் சத்தம் கேட்டாலே சிரிச்சுடுறாங்க மிஸ்."