துணைக்கு ஒரு ஆள்

"எங்க வீட்டுப் பொம்பளைக யாரும் அடுத்தவன்கிட்ட வேலைக்குப் போறதில்ல. காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பும்மா."

சோலைச்சாமி நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. திருச்சுழியில் அந்த வீட்டில் இன்றும் அவர் சொல்தான் சொல்.

எதிரே இருந்த யுவராணி காப்பியைத் தொடவில்லை. அவள் அருப்புக்கோட்டையில் ஒரு சிறப்புப் பள்ளியில் ஆசிரியப் பயிற்சியில் இருப்பவள். பள்ளி முடிக்கும் மாணவர் ஒருவரை ஒரு வேலையில் சேர்த்து, அங்கே காலூன்றும்வரை கூட நிற்பது அவளுடைய பயிற்சியின் கடைசிப் பகுதி. அவளிடம் ஒப்படைக்கப்பட்டவள் சோலைச்சாமியின் இளைய பேத்தி அமுதவள்ளி. பத்தொன்பது வயது. எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள். கற்றதை மறக்கமாட்டாள்.

"பாளையம்பட்டி ரெடிமேடு கம்பெனிய்யா. சட்டையை மடிச்சுப் பெட்டியில அடுக்கணும். மொதல்ல நான் பத்து நாள் அங்க மடிச்சுப் பழகினேன். அப்புறம்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்ப என்னைவிட அவ நல்லா மடிக்கிறா."

"படிச்ச புள்ள நீ. உன்னைப் போயிச் சட்டை மடிக்க விட்டாகளாக்கும்?"

"நான் செஞ்சு பாக்காத வேலையை அவளுக்கு எப்படிய்யா சொல்லிக் கொடுக்க?"

பெரியவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் முகம் இளகவில்லை.

"என் ஆத்தா ஊரான் காட்டுல களை எடுத்தவ. கூலி வாங்கக் கொல்லைப்பக்கமா வரச் சொல்லுவாக. எனக்கு மீசை முளைச்ச அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி எங்க வீட்டுப் பொம்பளை ஒருத்தி அடுத்தவன் வாசல்ல போயி நிக்கக்கூடாதுன்னு. அமுதாகிட்ட நான் குறை காணல. இவ அக்கா தங்கலட்சுமி பி.காம். முடிச்சு மூணு வருஷமாச்சு. வேலைக்குப் போகவான்னு அவளும் கேட்டுப் பாத்தா. அவளையே விடல."

காலி டம்ளரை எடுக்கச் சமையல்கட்டு வாசலுக்கு வந்திருந்த தங்கலட்சுமி, வெறுங்கையோடு உள்ளே திரும்பிப் போனாள்.

"நாளைக்குள்ள பதில் சொல்லலைன்னா இடம் வேற ஆளுக்குப் போயிருமுங்கய்யா. அமுதாவுக்கு இன்னொரு கம்பெனி கிடைக்குமான்னு தெரியாது. உங்களுக்கு அப்புறம் அவ ஒவ்வொரு வேளைச் சோத்துக்கும் யார் மூஞ்சியப் பாத்து நிக்கணும்? உங்க வீட்டுப் புள்ள அப்படி நிக்கலாமா?"

இப்படி அவரிடம் யாரும் பேசியதில்லை.

"சரி, வேலையைச் செஞ்சிருவான்னே வை. போக வர என்ன பண்ணுவா? இதுவரைக்கும் பள்ளிக்கூட வேனுல போனா. இனி இங்க பஸ்ஸு ஏறி, அருப்புக்கோட்டையில டவுன் பஸ்ஸு மாறணும். கூட்டத்துல எங்கயாச்சும் இறங்கிட்டா?"

யுவராணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமுதவள்ளி முந்திக்கொண்டாள்.

"பஸ்ஸு பயமா இருக்கு தாத்தா. அக்கா வந்தாப் போறேன். வரலைன்னா போகல."

யுவராணி சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டுக்கிட்டியா டீச்சரம்மா? அவளே பயப்படுறா. அக்கா கூட வந்து கம்பெனி வாசல்ல பகல் பூரா காவல் நிப்பாளாமா?"

"உள்ள உக்காரட்டும்," என்றாள் அமுதவள்ளி.

"அடுத்தவன் இடத்துல சும்மா உக்காந்திருக்கவா? நம்ம வீட்டுப் புள்ளைக்கு வேற சோலி இல்லையான்னு பாக்குறவன் சிரிப்பான்."

யுவராணி மெல்ல நிமிர்ந்தாள். "அங்க ஆபீஸுல கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள் தேடுறாகய்யா. சும்மா உக்கார வேண்டியதில்ல."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரணும்," என்றார் சோலைச்சாமி கடைசியில். "பெரியவ துணைக்குத்தான் போறா. வேலைக்குப் போறான்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வரக்கூடாது. எங்க கையெழுத்துப் போடணும்?"

திங்கட்கிழமை காலை. அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். தங்கலட்சுமி புதுக் கைப்பையை மார்போடு அணைத்தபடி, எந்தப் பஸ் என்று புரியாமல் நின்றாள். அமுதவள்ளி அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் பஸ்ஸில் ஏற்றினாள். அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கண்டக்டரிடம் போய், "பாளையம்பட்டி மூணு," என்று கேட்டு டிக்கெட் வாங்கினாள்.

பின்னால் ஏறிய யுவராணி அவளைப் படியோரம் நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டாள். "வேலை பழக ரெண்டு மாசமாப் பள்ளிக்கூடத்துலயிருந்து இதே பஸ்ஸுல நீ தனியாத்தானே போய் வந்த? தாத்தாகிட்ட ஏன் பயமா இருக்குன்னு பொய் சொன்ன?"

அமுதவள்ளி ஜன்னலோரம் இருந்த அக்காவைப் பார்த்தபடி சொன்னாள்:

"எனக்காகப் பேச நீங்க வந்தீக டீச்சர். அக்காவுக்காகப் பேச யாரு வருவா?"