உள்பக்கம் மட்டும்

அணில் ஒன்று வாலை நனைத்து ஊரார் ஜன்னல்களைத் துடைத்துப் பிழைத்து வந்தது. ஒருநாள் கோழி அதைக் கூப்பிட்டது.

"ஜன்னலெல்லாம் ஒரே அழுக்குடா தம்பி. முற்றத்துல குஞ்சுகள் மேயுது, பருந்து வந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குது. துடைக்க என்ன கேட்கிறே?"

"நாலு வேர்க்கடலை, அக்கா."

"வாலை ஆட்டுறதுக்கு நாலா? ரெண்டு தர்றேன்."

குஞ்சுகளுக்காகப் பயப்படுகிறவள் இரண்டு கடலைக்கு இப்படி மல்லுக்கட்டுகிறாளே என்று அணிலுக்கு ஆச்சரியம். "ரெண்டுக்கு உள்பக்கம் மட்டும்தான்" என்றது.

"அது போதும். நான் உள்ளேயிருந்துதானே பார்க்கிறேன்!"

இது எப்படித்தான் முடியும் என்று பார்க்கும் ஆசையில் மறுநாளும் அணில் வந்தது. கோழி உள்ளே நின்று இறக்கையால் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"நீ துடைச்ச லட்சணம் இதுதானா? இந்தக் கரும்புள்ளி போகவே இல்லை. ஒரு கடலையைத் திருப்பிக் கொடு!"

அணில் வெளியே நின்று கண்ணாடியைப் பார்த்தது. தூசி இருந்தது, புள்ளி எதுவும் இல்லை. திரும்பி வானத்தைப் பார்த்தது.

"அக்கா, அது பருந்து! பிள்ளைகளைக் கூப்பிடு!" என்று கத்தியது.

கோழி சிரித்தது. "பயம் காட்டி விலையை ஏத்தப் பார்க்கிறியா? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! சரி, வெளிப்பக்கத்துக்கு ஒண்ணரை. அதுக்கு மேலே பேசாதே."

நல்லவேளை, குஞ்சுகளுக்கு இன்னும் பேரம் பேசத் தெரியாது. அணில் கத்தியதுமே விழுந்தடித்து உள்ளே ஓடி வந்துவிட்டன.