திரையில் ஒரு சிவப்பு மேகம்

பிற்பகல் மூன்று மணிக்கு ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருக்கிறான் எலக்ட்ரீசியன். மொட்டைமாடியில் பதினோரு இரவுகள் கண்விழித்து அவன் வானத்தை எடுத்த முந்நூறு படங்களைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறது. ஒற்றைப் படத்தில் வெறும் கறுப்புதான். அடுக்க அடுக்க, நட்சத்திரங்களுக்கு நடுவே நெபுலா என்னும் விண்மேகம் செம்புகையாகப் பரவுகிறது. பக்கத்தில் அவன் அக்கா, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருக்கிறாள். நாலு மாதமாக அவள் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இனி மீளாது என்று டாக்டர் நேற்றுக் கைவிரித்துவிட்டார். "தெரியுதாக்கா?" என்கிறான். "இந்த ஓரத்துல என்னவோ சிவப்பா இருக்கு. அதுதானே?" "அதேதான்." "அடேயப்பா, இதுக்குத்தான் பனியில மூக்கு ஒழுக உட்கார்ந்து கிடந்தியா?" என்று சிரிக்கிறாள். சுட்டுவிரலால் மேகத்தின் விளிம்பை மெல்லத் தடவுகிறாள். திரையில் வியர்வைத் தடம் விழுகிறது. வேறு யார் தொட்டிருந்தாலும் வள்ளென்று விழுந்திருப்பான். இப்போது அந்தத் தடத்தைத் துடைக்காமல் விட்டுவிடுகிறான். "இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தக் கூட்டேன்டா." வெளிச்சம் ஏற்கெனவே உச்சத்தில்தான் இருக்கிறது. "இதோ கூட்டுறேன்க்கா" என்று ஏதோ ஒரு பொத்தானை ஓசை கேட்கும்படி தட்டுகிறான். அக்கா கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "ஆங், இப்ப நல்லாத் தெரியுது" என்கிறாள்.